ஆப்பிளுக்குப் பிறகு இனித்த தண்ணீர்

ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்களிடம் ஒரு சந்தோஷத்தைப் பார்த்திருக்கிறேன். கருவியின் திரையில் ஓர் எண் வந்துவிட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். மூன்று முறை செய்து மூன்று முறையும் அதே எண் வந்தால் அன்று டீ அவர்கள் செலவுதான். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வராது. ஆனால் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆய்வகத்தில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எழுதுவது என்றால் கொஞ்சம் கெடுத்துத்தான் ஆக வேண்டும்.

நான் ஓய்வு பெற்று செல்லூரில் வீட்டில் இருக்கிறேன். சந்தின் இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்தில்தான் எனக்கு யோசனை நன்றாக ஓடும். என் வீட்டுக்காரர் அதை நம்புவதில்லை. நான் தூங்குவதாகச் சொல்வார். கருவியை எப்படி ஓட்டுவது, கரைசலை எப்படிக் கலக்குவது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அது ஒரு செம்பு தண்ணீரைப் பற்றியது.

எங்கள் ஆய்வகம் அழகர்கோவில் சாலையில் இருந்தது. நெய், மஞ்சள்தூள், புளி, ஊறுகாய் என்று வரும். மல்லித்தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்தே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் ஒருவர் ஆப்பிள் கொண்டுவந்தார். காஷ்மீர் ஆப்பிள் இல்லை. எழுமலை ஆப்பிள்.

அவர் பெயர் ஒச்சப்பன். எழுமலைக்கு வெளியே மூன்று ஏக்கரில் நெல்லித் தோப்பு வைத்திருந்தார், அதற்கு ஒரு கிணறு. வெயிலிலும் காய்க்கும் ஆப்பிள் ரகம் ஒன்று வந்திருக்கிறது என்று எங்கோ கேள்விப்பட்டு, தோப்பின் மூலையில் கொஞ்சம் இடம் ஒதுக்கி நட்டுவிட்டார். ஊர் சும்மா இருக்குமா? டீக்கடைக்குப் போனால் "மாப்ள, ஸ்வெட்டர் வாங்கிட்டியா?" என்று கேட்பார்களாம். காஷ்மீர்க்காரர் என்று பெயரே வைத்துவிட்டார்கள். மரங்கள் காய்த்தபோது ஒரு வாரம் வாயை மூடினார்கள். காயைப் பார்த்த பிறகு மறுபடியும் திறந்துகொண்டார்கள். காய் சின்னதாக, வெளிறிப்போய், வெயில் படுகிற பக்கம் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. ஆப்பிளுக்குச் சிவப்பு ஏற வேண்டுமானால் இரவு குளிர வேண்டும். எழுமலையில் பகலில் அடித்த வெயிலைச் சுவர்கள் விடியும்வரை வைத்திருக்கும். மதுரைப் பழ மார்க்கெட்டில் யாரும் அதைக் கையில்கூட எடுக்கவில்லை.

அந்த நேரத்தில் சென்னைக் கம்பெனி ஒன்று அவரைத் தேடி வந்தது. பழங்களைக் காயவைத்துப் பொடியாக்கிச் சத்து மாவு என்று பொட்டலம் போட்டு விற்கிறவர்கள். பொடிக்கு நிறம் எதற்கு? பழத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் எவ்வளவு, பாலிஃபீனால் எவ்வளவு என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். அது நன்றாக இருந்தால் மூன்று ஏக்கரிலும் ஆப்பிள் போடுங்கள், மொத்தமும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவர் கிணறு இரண்டு தோப்புக்குத் தாங்காது. ஆப்பிள் வேண்டுமானால் நெல்லி போக வேண்டும். நெல்லிக்கு விலையும் இல்லை, சில வருடங்களில் பறிக்கிற கூலிக்கே கட்டாமல் மரத்தடியில் உதிர விட்டிருக்கிறார். ஆக எங்கள் எண்ணைப் பொறுத்து ஒரு தோப்பு நிற்கும் அல்லது விழும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேசைக்கு வருகிற டப்பாவுக்குப் பின்னால் எப்போதும் இப்படி ஏதாவது ஒன்று நின்றுகொண்டிருக்கும்.

பாலிஃபீனால் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கொய்யாப் பிஞ்சைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கிறதே, அந்தத் துவர்ப்பில் பெரும்பங்கு அதுதான். விதை முற்றாத காலத்தில் யாரும் தன்னைத் தின்றுவிடக் கூடாது என்று செடி பிஞ்சில் அதை வாரி வைக்கிறது. பூச்சிக்கும் பிடிக்காது, பறவைக்கும் பிடிக்காது. விதை முற்றிய பிறகு நிலைமை மாறிவிடும். இப்போது யாராவது வந்து தின்று விதையை எங்காவது கொண்டுபோய்ப் போட்டால் நல்லது. துவர்ப்பு இறங்கும், இனிப்பு ஏறும். ஆப்பிளும் இப்படித்தான். பிஞ்சில் உச்சத்தில் இருக்கும் எண், காய் பெருக்கப் பெருக்க இறங்கிக்கொண்டே வரும்.

அதனால் ஒரு பருவம் முழுவதும் மூன்று கட்டமாக அனுப்பச் சொன்னோம். கிளையில் நெருக்கமாகக் காய்த்ததைக் களைந்து எடுப்பார்கள் அல்லவா, அந்தச் சுண்டைக்காய் அளவுப் பிஞ்சுகள் முதலில் வந்தன. அடுத்து பாதி வளர்ந்த காய். கடைசியாகப் பழம். இந்த வேலையை நிவேதா பார்த்தாள். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். எதைச் சொன்னாலும் ஏன் மேடம் என்று கேட்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும், அவளிடம் அதைக் காட்டிக்கொண்டதில்லை.

பிஞ்சு எதிர்பார்த்தபடி உச்சத்தில் இருந்தது. பாதிக் காயில் எண் நன்றாக இறங்கியிருந்தது. பழத்தில் இன்னும் இறங்க வேண்டும். ஏறிவிட்டது. பாதிக் காயைத் தாண்டி, பிஞ்சையே எட்டிப் பிடிக்கிற மாதிரி ஏறியிருந்தது.

நிவேதா மறுபடி செய்தாள். அதே எண். இன்னொரு முறை செய்தாள். அதே எண். அவள் அன்று சாப்பிடவே இல்லை. மேலாளர் அறைக்கும் என் மேசைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். குளிர்ந்த ஊர்களில் வளரும் ஆப்பிளில் இறங்குவது, இந்த வெயிலில் ஏறுகிறதோ? வெயில் தாங்காமல் மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கடைசி நேரத்தில் மறுபடி சுரக்கிறதோ? அவள் கேட்டதில் தப்பே இல்லை. வெயிலும் தண்ணீர்ப் பஞ்சமும் செடியை அப்படிச் செய்ய வைப்பது உண்டு. உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் குறுகுறுவென்றிருந்தது. மல்லித்தூளிலேயே காலத்தைக் கழித்தவளுக்குக் கடைசி வருடத்தில் இப்படி ஒரு புதையலா என்று ஆசை வராதா?

மேலாளருக்கு ஆசையோடு அவசரமும் சேர்ந்துகொண்டது. அறிக்கையில் என் கையெழுத்து விழுவதற்கு முன்பே கம்பெனிக்கும் போன் போட்டார், ஒச்சப்பனுக்கும் போட்டார். மதுரை வெயில் ஆப்பிள் என்று பொட்டலத்துக்குப் பெயர்கூட யோசித்துவிட்டார்.

எனக்கு அந்த மூன்று எண்களில் நடுவில் இருந்ததுதான் உறுத்தியது. வெயில்தான் காரணம் என்றால், பாதிக் காய் இருந்ததும் அதே வெயிலில்தானே? அது ஏன் ஒழுங்குப் பிள்ளையாக இறங்கியது? நிவேதாவிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, தெரியவில்லை மேடம் என்றாள். நல்ல பதில். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்கிறவர்களை நம்பி எங்கே வேண்டுமானாலும் போகலாம். நாம் எழுமலைக்குப் போவோம் என்றேன். பழத்தை மரத்தில் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று மேலாளரிடம் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஓய்வு பெறப் போகிறவர்களுக்கு இந்த வயதில் ஊர் சுற்றும் ஆசை வருவது சகஜம் என்று மட்டும் சொன்னார். நான் சிரித்துவைத்தேன்.

உசிலம்பட்டியில் பஸ் மாறி, எழுமலையில் இறங்கி, ஒச்சப்பன் அனுப்பிய ஆட்டோவில் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது சரியான உச்சி வெயில். முதலில் கண்ணில் பட்டது ஆப்பிள் மரம் இல்லை. நெல்லித் தோப்பின் வாசலில் மஞ்சளாக ஒரு ஜேசிபி நின்றுகொண்டிருந்தது. அதன் நிழலில் டிரைவர் படுத்திருந்தார்.

ஒச்சப்பன் சிரித்த முகமாக எதிரே வந்தார். வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு வைத்திருந்தார். மேலாளர் போனில் சொன்ன அன்றே ஆப்பிள் கன்றுகளுக்கு முன்பணம் கட்டிவிட்டாராம். புதன்கிழமையாக இருந்ததால் ராகு காலம் ஒன்றரை வரை. அது முடிந்ததும் மரங்களைப் பிடுங்க ஆரம்பிக்கலாம் என்று வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறார்.

"நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கீக மேடம். ஒங்க கையாலதான் இந்த வாழ்வே வந்துச்சு. இருந்து பாத்துட்டுத்தான் போகணும்" என்றார்.

தோப்பிலேயே ஓட்டு வீடு. அவர் மனைவி பேச்சியம்மாள் எங்களை உட்கார வைத்து மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பினார். நெல்லித் தோப்பைப் பற்றி நான் பேச்செடுத்தபோது அவர் முகம் கொஞ்சம் வாடியது. கல்யாணம் ஆகி வந்த புதிதில் அவரும் சேர்ந்து தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்களாம். ஆனால் புருஷன் முடிவு செய்த பிறகு என்ன சொல்ல இருக்கிறது என்பதுபோல் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது எவர்சில்வர் தட்டு நிறைய ஆப்பிள் துண்டுகள் இருந்தன.

பழத்தைப் பார்த்ததும் நிவேதா செல்போனை எடுத்துக்கொண்டு மரங்களைப் படம் பிடிக்க ஓடிவிட்டாள். நான் சாப்பிட்டேன். இனிப்பும் புளிப்புமாக நன்றாகவே இருந்தது. பேசிக்கொண்டே நாலைந்து துண்டுகள் சாப்பிட்டிருப்பேன். ஒச்சப்பன் டிரைவரை எழுப்பப் போனார். நிவேதா வியர்த்து வழியத் திரும்பி வந்து, தின்பதற்கு முன்னால் தண்ணீர் வேண்டும் என்றாள். செம்பில் தண்ணீர் வந்தது. முதலில் எனக்கு ஊற்றினார்கள். குடித்தேன். எழுமலைக் கிணறுகளில் இவ்வளவு நல்ல தண்ணீரா என்று ஆச்சரியமாக இருந்தது. சர்க்கரை போட்ட மாதிரி தொண்டை வரைக்கும் இனித்தது.

நிவேதா ஒரு மடக்கு குடித்துவிட்டு லேசாக முகத்தைச் சுளித்தாள். பேச்சியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, கோடையில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொன்னார்.

ஒரே செம்பு. எனக்கு இனித்தது, அவளுக்குக் கரித்தது. நான் ஆப்பிள் தின்றிருந்தேன், அவள் தின்றிருக்கவில்லை.

நீங்களும் நம் ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். எதைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பள்ளிக்கூட வாசலில் உப்பு மிளகாய்த்தூள் தொட்டு விற்பார்களே, அதே காய்தான். ஆப்பிள் அந்த வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை. தட்டைப் பார்த்தேன். நறுக்கி அத்தனை நேரமாகியும் ஒரு துண்டுகூடக் கறுத்திருக்கவில்லை.

"பேச்சி, இந்தப் பழத்த எதுலயாவது போட்டு எடுத்தியாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. நறுக்குன ஒடனே கறுத்துப் போகுதுல்ல? வாழைத்தண்டுன்னா மோருல போடலாம், இத மோருல போட்டா நல்லாவா இருக்கும்? எலுமிச்சம்பழம் இப்ப விக்கிற வெலைக்கு வாங்க முடியுமா? தோப்புலதான் நெல்லிக்கா சும்மா கெடக்கே. அத இடிச்சுப் புழிஞ்சு, அந்தத் தண்ணியில கொஞ்ச நேரம் ஊறவச்சு எடுத்தேன்."

"லேபுக்கு அனுப்புனதையும் இப்படித்தானா?"

"அத ராத்திரி முழுக்க ஊறவச்சேங்க்கா. டவுனுக்குப் போற பொருளாச்சே. கறுத்த பழத்த அனுப்புனா நம்மளப் பத்தி என்ன நெனப்பாக?"

நிவேதா கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். ஆய்வகத்தில் குளிர்பெட்டி நிறைந்து கிடந்ததால் பழம் பழமாக அனுப்ப வேண்டாம், சாப்பிடுகிற பகுதி மட்டும் ஒரு டப்பாவில் வந்தால் போதும் என்று அவள்தான் போனில் சொல்லியிருக்கிறாள். பிஞ்சையும் காயையும் யாரும் நறுக்க மாட்டார்கள், அவை முழுசாக வந்தன. பழம் மட்டும் நறுக்கி, நெல்லிச் சாற்றில் ஊறி, ஐஸ் வைத்த தூக்கில் வெள்ளைவெளேரென்று வந்து இறங்கியது. எவ்வளவு நேர்த்தியாக அனுப்பியிருக்கிறார்கள் என்று நாங்கள் அத்தனை பேரும் மெச்சிக்கொண்டோம்.

நாங்கள் செய்த சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் கரைசலில் பழச் சாற்றை விட்டால் நீலமாகும். எவ்வளவு நீலமோ அவ்வளவு பாலிஃபீனால். ஆனால் அந்த நீலம் ஊர் பேர் கேட்காது. ஆப்பிளில் இருந்து வந்தாயா, நெல்லியில் இருந்து வந்தாயா என்று விசாரிக்காது. வைட்டமின் சி வந்தால் அதற்கும் சேர்த்து நீலமாகும். மூன்று முறை செய்தால் மூன்று முறையும் அதே தப்பைத்தான் அச்சுப் பிசகாமல் சொல்லும்.

மணி ஒன்றே கால் தாண்டியிருந்தது. வெளியே ஜேசிபி உறுமத் தொடங்கியது.

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி யோசிக்கச் சொல்வேன். என்னிடம் என்ன ஆதாரம் இருந்தது? நாக்கில் ஒரு இனிப்பு. ஆய்வகம் கொடுத்த எண்ணை ஆய்வகத்தில் மறுபடி சோதித்துத்தான் மறுக்க வேண்டும், அதுதான் முறை. புதுப் பழம் எடுத்துப்போய்ச் சோதனை முடிப்பதற்குள் தோப்பில் ஒரு மரம்கூட மிஞ்சாது. மேலாளரைக் கேட்டால் அறிக்கை வரும்வரை வாயைத் திறக்காதீர்கள் என்றுதான் சொல்லுவார். சந்தேகம் தப்பாக இருந்தால் ஒரு மனிதரின் நல்ல நேரத்தைக் கெடுத்த பாவம் எனக்கு. அப்படித் தப்பாகப் போனாலும் மரத்தை அடுத்த வாரம் பிடுங்கிக்கொள்ளலாம். பிடுங்கிய மரத்தைத்தான் திரும்ப நட முடியாது. அவ்வளவுதான் நான் போட்ட கணக்கு.

வாசலுக்குப் போய் ஒச்சப்பனைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் இறுகிவிட்டது.

"இப்ப வந்து சொல்றீகளே மேடம். ஊரே காஷ்மீர்க்காரன்னு சிரிச்சுச்சு. ஒங்க நம்பர் வந்தபெறகுதான் வாய மூடுனாய்ங்க. இந்த வண்டி சும்மா திரும்பிப் போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு டீக்கடைக்குப் போறது?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பத்துக் காரணம் சொல்லி விளக்கலாம். அவர் என் படிப்பை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தார், மறுபடியும் என் படிப்பை நம்புங்கள் என்று எந்த வாயால் கேட்பது? அதனால் கேட்கவில்லை.

"அண்ணே, என்னய நம்ப வேண்டாம். மரத்துல இருந்து ஒரு பழத்தப் பறிச்சுக் கடிச்சுத் தின்னுங்க. ஒரு மடக்குத் தண்ணி குடிங்க. அப்பறம் இந்தத் தட்டுல இருந்து ஒரு துண்டு தின்னுட்டு மறுபடி குடிங்க. அதுக்குப் பெறகு நீங்க என்ன சொல்றீகளோ அதச் செய்யலாம்" என்றேன்.

என்னை ஒருமுறை முறைத்தார். பிறகு போய் ஒரு பழத்தைப் பறித்து, வேட்டியில் துடைத்துக் கடித்தார். தண்ணீர் குடித்தார். தட்டில் இருந்து ஒரு துண்டை எடுத்து மென்றார். செம்பை வாயில் கவிழ்த்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

வாழ்நாள் முழுவதும் நெல்லி விற்ற மனிதர். அந்த இனிப்பை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. செம்பைக் கையில் வைத்துக்கொண்டே தோப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன் மேடம், அப்ப நீங்க அம்புட்டுப் பேரும் சேந்து அளந்தது என் நெல்லிக்காயவா?"

ஆமாம் என்றேன். அவர் ஜேசிபியை நோக்கி நடந்துபோய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். உறுமல் நின்றது. பேச்சியம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் தான்தான் கெடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். நான் எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நிவேதா ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மடியில் முழுசாகப் பறித்த பழங்கள் இருந்தன. திட்டு வாங்கத் தயாராக இருந்தாள் என்று நினைக்கிறேன். நான் திட்டவில்லை. தப்பைத் தானே முதலில் வாய்விட்டுச் சொன்னவளை எதற்குத் திட்ட வேண்டும்? செக்கானூரணி தாண்டும்போது மெதுவாகக் கேட்டாள், பிஞ்சில் அவ்வளவு இருந்தது, பழத்தில் குறைந்துபோகும் என்றால் மீதி எங்கே போகிறது மேடம் என்று. எனக்கு உயிர் வந்தது. இவள் தேறிவிடுவாள் என்று தெரிந்தது.

பெரும்பாலும் எங்கேயும் போவதில்லை என்று சொன்னேன். ஒரு டம்ளர் பாலில் போட்ட சர்க்கரையை ஒரு குடம் பாலில் போட்டால் இனிப்புக் குறைந்த மாதிரித் தெரியும், சர்க்கரை குறையவில்லை. நாம் நூறு கிராமுக்கு எவ்வளவு என்று பார்க்கிறோம். பிஞ்சு பெருத்துப் பழமாகும்போது தண்ணீரும் சர்க்கரையும் வந்து சேர்ந்து அதை நீர்க்க வைக்கின்றன. முழுப் பழத்தையும் முழுப் பிஞ்சையும் எடைபோட்டு ஒப்பிட்டால் பழத்தில்தான் மொத்தமாக அதிகம் இருக்கும். நிவேதா பிஞ்சு, பாதிக் காய் எண்களை வைத்துச் செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்து, ஆமாம் மேடம், காய் எதையும் இழக்கவில்லை என்று சொன்னாள். காலையில் கையில் இருந்த கண்டுபிடிப்பு போய்விட்டது, சாயங்காலம் இன்னொன்று கிடைத்துவிட்டது. அவள் முகம் பழையபடி ஆகிவிட்டது.

முழுப் பழத்தைச் சோதித்தபோது எண் இறங்கித்தான் இருந்தது. எந்த ஊர் ஆப்பிளும் இறங்குகிற மாதிரி இறங்கியிருந்தது. குறையும் இல்லை, அதிசயமும் இல்லை. நான் கையெழுத்துப் போட்டது அந்த அறிக்கையில்தான். முதலில் சொன்ன எண் தவறு, காரணம் இது என்று கம்பெனிக்கு எழுதியும் அனுப்பினோம். அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை. மேலாளர் என்னிடம் நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கன்றுகளுக்குக் கட்டிய முன்பணம் ஒச்சப்பனுக்குத் திரும்பி வரவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது ஒச்சப்பனும் பேச்சியம்மாளும் ஆய்வகத்துக்கு வந்தார்கள். கையில் இரண்டு பை. ஒன்றில் ஆப்பிள், காம்பும் இலையும் புழுதியுமாக, ஒன்றிரண்டில் கிளி கொத்திய தடம்கூட இருந்தது. கழுவவில்லை, துடைக்கவில்லை, பறித்ததோடு சரி என்று பேச்சியம்மாள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். இன்னொரு பையில் நெல்லிக்காய்.

"இதையும் அளந்து சொல்லுங்க மேடம். எம்புட்டுத்தான் இருக்குன்னு பாப்போம்" என்றார் ஒச்சப்பன்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிவேதா இரண்டையும் செய்து காட்டினாள். ஆப்பிள் குழாய் வெளிர் நீலமானது. நெல்லிக் குழாய் மை ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. கருவியால் அதைப் படிக்கவே முடியவில்லை, பல முறை தண்ணீர் விட்டு நீர்க்க வைத்த பிறகுதான் எண் வந்தது. ஒச்சப்பன் அந்த இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதத்தான் நான் பிடுங்கிப் போடப் பாத்தேன்" என்று மனைவியிடம் சொன்னார். பேச்சியம்மாள் அன்றைக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்ததை நான் பார்த்தேன்.

நெல்லியின் விலை அதனால் ஏறிவிடவில்லை. அது உங்களுக்கும் தெரியும். ஆனால் தோப்பு நிற்கிறது, மூலையில் ஆப்பிளும் நிற்கிறது, டீக்கடையில் ஸ்வெட்டர் பற்றி இன்னமும் கேட்கிறார்களாம். உங்களிடம் ஒரு டப்பா வந்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், இதை யார் நறுக்கினார்கள், எப்படிக் கட்டினார்கள், கறுக்காமல் இருக்க என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். குற்றம் சாட்டுகிற குரலில் கேட்காதீர்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. நம்மிடம் வருகிற பொருள் நன்றாக இருக்க வேண்டும் என்று மெனக்கெட்டுத்தான் செய்கிறார்கள்.

ஆய்வகத்துக்குள் எதையும் தின்னக் கூடாது என்பது விதி. அதனால் அன்று நாங்கள் எல்லோரும் வராந்தாவில் போய் நின்று ஆளுக்கொரு நெல்லிக்காயைக் கடித்தோம். மேலாளரும் வந்து ஒன்று எடுத்துக்கொண்டார். நிவேதா கேன் தண்ணீரை டம்ளர் டம்ளராகப் பிடித்துக் கொடுத்தாள். ஒரு ருசியும் இல்லாத அந்தத் தண்ணீரும் இனித்தது.